தோத்த மில்லுக்காரி

கல்யாண வீட்டுக்கா? அட நீங்க வேற. பட்டுச்சேலை கட்டினா கல்யாண வீட்டுக்குத்தான் போகணுமா? நான் பரீட்சைக்குப் போயிட்டு வர்றேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். யுனிவர்சிட்டியில பெரிய பரீட்சை. பரீட்சை எனக்கு இல்லை, பெனிட்டான்னு ஒரு புள்ளைக்கு. டாக்டர் பட்டத்துக்கு. ஊசி போடுற டாக்டர் இல்லை, படிச்சுப் படிச்சே ஆகுற டாக்டர். அஞ்சு வருசமா அது படிச்சது என்னைத்தான். என்னையும், நாங்க மில்லுல நடத்துன ஸ்ட்ரைக்கையும்.

முந்நூறு பக்கம் எழுதியிருக்கு. அம்புட்டுப் பக்கத்துலயும் தவமணிங்கிற என் பேரு ஒரு எடத்துல கெடையாது. எனக்கு வசந்தின்னு பேரு வச்சிருக்கா. வசந்தி! என் நாத்தனா பேரு அது. அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்னு பதினோரு வருசமாச்சு. நான் செஞ்சதெல்லாம் அவ கணக்குல போகுது பாருங்க.

சரி, பேரு போனாப் போகட்டும். பேருக்காக நான் இந்த வெயில்ல பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போகலை. அந்தப் புஸ்தகத்துல எங்களைப் பாவம்னு எழுதியிருக்கு. பாவப்பட்ட சனங்க, அவங்களால ஒண்ணும் முடியலை, அவங்க கையில ஒண்ணுமே இல்லைன்னு. அதை எப்படிங்க ஒத்துக்க முடியும்? அந்த வார்த்தைய அடிக்கணும். நான் இருந்தேன்னு எழுதணும். அதுக்குத்தான் போனேன்.

கண்டக்டர், நான் எடுத்தாச்சுய்யா. திண்டுக்கல். இந்தா பாரு சீட்டு.

கேளுங்க. நூல் மில்லுல பதினாறு வருசம் வேலை பாத்தவ நான். ஓடுற மிசினுல நூல் அறுந்தா ஓடிப்போயி ஒட்டணும். இந்தக் கோடியில அறும், அந்தக் கோடியில அறும், ஒரு ஷிப்டுக்குள்ள காலு கழண்டுரும். எங்க டிபார்ட்மெண்டுல அறுபத்தி மூணு பொம்பளைக. அறுபத்தி மூணு பேருக்கும் கக்கூசுக்குப் போக ஒரே ஒரு டோக்கன். பித்தளை டோக்கன், கயித்துல கோத்து சூப்பர்வைசர் மேசையில தொங்கும். போனவ வந்து அதைத் திரும்ப மாட்டினாத்தான் அடுத்தவ போகலாம். கக்கூசுக் கதவுக்குத் தாப்பாளும் கெடையாது. ஒரு கையால கதவை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் உட்காரணும். பொம்பளைக்குப் பொம்பளை உங்களுக்கு நான் விளக்கவா வேணும்?

நாகஜோதின்னு என் சிநேகிதி. ஒரே தெரு, ஒரே ஷிப்டு, ஒரே டிபன் பாக்ஸுன்னு வச்சுக்கங்களேன். அவ ஒருநாள் டோக்கன் இல்லாமப் போயிட்டா. அன்னைக்கு அவளுக்கு உடம்பு அப்படி. பொறுக்க முடியலை, போயிட்டா. திரும்பி வர்றா, அந்தச் சூப்பர்வைசர் பய அத்தனை பேரு முன்னாடியும் பளார்னு கன்னத்துல ஒண்ணு விட்டான். அவ கையில எடுத்துட்டு வந்த தூக்குவாளி உருண்டு மிசினுக்கு அடியில போயிருச்சு. அவ அழுகலை. குனிஞ்சு வாளியத்தான் தேடுனா.

நான் பாத்துக்கிட்டு இருந்தேன். மிசினு மேல இருந்த சிவப்பு பட்டனை அமுக்குனேன். மிசினு நின்னுச்சு. பக்கத்து மிசினையும் அமுக்குனேன். யாரைக் கேட்டு அமுக்குனேன்? யாரையும் கேக்கலை. அதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தா ஆகுமா? அத்தனை பேரும் என் பின்னால வெளிய வந்தாளுக. மில்லு கேட்டுக்கு எதுக்க ஒரு புங்கமரம். அதுக்குக் கீழ உட்கார்ந்தோம். பதினாலு நாளு.

என்ன கேட்டோம்? டோக்கனைத் தூக்கு. கதவுக்குத் தாப்பாள் போடு. ஷிப்டு முடிஞ்சு, மெயின் ரோட்டுல ஊருக்குப் பிரியுற வெலக்கு வரைக்கும் வண்டி விடு. முன்னாடி நின்னு கோசம் போட்டோம்னு பதினொரு பேரை சஸ்பெண்ட் பண்ணியிருந்தான், அவங்களைத் திரும்ப எடு. அஞ்சாவது, அந்தச் சூப்பர்வைசர் நாகஜோதிகிட்ட எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். அஞ்சையும் ஒரு தாள்ல எழுதினது நான். அஞ்சாவதை மட்டும் சிவப்புப் பேனாவுல எழுதினேன்.

பதினாலாம் நாள் உடைஞ்சு போச்சு. வீட்டுல புருசன் ஏசுறான், பால்காரன் கேக்குறான்னு ஒவ்வொருத்தியா உள்ள போயிட்டாளுக. பதினொரு பேருக்கும் வேலை போச்சு. நானு, நாகஜோதி, இன்னும் ஒம்பது பேரு. எனக்கென்ன, எங்க வீட்டுக்காரரு டிராக்டர் ஓட்டுறாரு, சமாளிச்சுக்கிட்டேன். நாகஜோதிக்குப் புருசன் இல்லை. ஒத்தப் பொம்பளை. பல்லடம் பக்கம் ஒரு மில்லு விடுதியில போயி ரெண்டு வருசம் கெடந்தா. மக ப்ளஸ் ஒண்ணோட நின்னுருச்சு. நல்லாப் படிக்கிற புள்ளை, கணக்குல அம்புட்டு மார்க்கு. பாக்க ஆளில்லைன்னு பதினெட்டு முடிஞ்ச மறுமாசமே கட்டிக் கொடுத்துட்டா. எல்லாம் அந்த மில்லுக்காரன் செஞ்ச பாவம். அவன் நல்லா இருப்பானா? இருக்க மாட்டான்.

இதெல்லாம் நடந்து நாலு வருசம் கழிச்சுத்தான் இந்தப் பெனிட்டா வந்துச்சு. ஒல்லியா, ஒரு துணிப்பை, ஒரு ரெக்கார்டர். வந்து உட்கார்ந்துக்கிட்டு, அக்கா, நான் ரெண்டு மில்லை எடுத்திருக்கேன்னுச்சு. ஒண்ணு ஒட்டன்சத்திரம் போற பாதையில, ஒண்ணு உங்களோடது. ரெண்டுலயும் ஒரே மாதிரி மிசினு, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பொம்பளைக, ஒரே மாதிரி ஊருகள்ல இருந்து வர்றவங்க, ஒரே வருசத்துல ஸ்ட்ரைக்கு. அங்க ஜெயிச்சுட்டாங்க, இங்க ஜெயிக்கலை. எல்லாம் ஒண்ணா இருந்து முடிவு மட்டும் வேறயா இருந்தா, ஒண்ணே ஒண்ணு எங்கேயோ வித்தியாசப்பட்டிருக்கணும். அந்த ஒண்ணைக் கண்டுபிடிக்கிறதுதான் என் ஆராய்ச்சின்னுச்சு.

நான் சொன்னேன், ஏன்டி, ஒரே மாவுல ரெண்டு தட்டு இட்லி ஊத்தி, ஒண்ணு வேகலைன்னா அடுப்பைப் பாப்பியா மாவைப் பாப்பியான்னு. அதேதான்க்கா, அதேதான்க்கான்னு குதிச்சுச்சு. அதையும் எழுதிக்கிச்சு. எனக்கு அதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இன்னைக்கும் பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனா முதல் நாளே நான் கேட்டேன்: அப்ப நாங்க தோத்த மில்லா? அது திருதிருன்னு முழிச்சு, அப்படி இல்லைக்கா, கேஸ் ரெண்டுன்னு போடுவோம்னுச்சு. கேஸ் ஒண்ணு யாரு? அவங்க. பாத்தீங்களா? ஜெயிச்சா ஒண்ணு, தோத்தா ரெண்டு.

அந்தக் கேஸ் ஒண்ணுக்குத் தலைவி குருவம்மான்னு ஒருத்தி. நானும் போயிப் பாத்தேன். ஒருநாள் பெனிட்டாவே கூட்டிட்டுப் போச்சு. மெலிஞ்சு போயி, பேச்சே வராத ஆளு. இவளா தலைவின்னு ஆயிருச்சு எனக்கு. அவளுக்கு ஒரு பழக்கமாம். மேனேஜர் கூப்பிட்டு விட்டா ஒத்தையாப் போக மாட்டாளாம். கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போவாளாம். அதுல ஒருத்தி, இவகூட எப்பவும் சண்டை போடுறவளா இருக்கணுமாம்! வெளிய வந்து மூணு பேரும் தனித்தனியா, உள்ள என்ன பேசினாங்கன்னு எல்லாருக்கும் சொல்லணுமாம். அதுக்கப்புறம் கையத் தூக்கச் சொல்லி எண்ணுவாளாம். எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஒரு ஆம்பளை ரூமுக்குள்ள போறதுக்கு மூணு பேரா? பயந்தாங்கொள்ளி. இவளுக்குக் கேஸ் ஒண்ணாம்.

அங்க மட்டும் தப்புச் செஞ்சவன் மன்னிப்புக் கேட்டானா? கேக்கலை. அங்கயும் ஒரு சூப்பர்வைசரு வாய்க்கு வந்தபடி பேசினவன்தான். அவனை மாத்திட்டாங்க, அவ்வளவுதான். டோக்கன் போச்சு, தாப்பாள் வந்துச்சு, இவளுக கைதட்டிட்டு உள்ள போயிட்டாளுக. ஒரு தாப்பாளுக்கு ரோசத்தை வித்துட்டு வந்தவளுக்குப் பேரு ஜெயிச்சவ.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்க, புழுதி அடிக்குது. ஆங், போதும்.

பெனிட்டா சும்மா சொல்லக் கூடாது, அரம் வச்சு ராவுற மாதிரி ராவும். நான் ஒண்ணு சொன்னா அப்படியே எழுதிட்டுப் போகாது. அதையே போயி நாகஜோதிகிட்டக் கேக்கும். இன்னும் ரெண்டு பேருகிட்டக் கேக்கும். லேபர் ஆபீசுல போயிப் பழைய காகிதத்தைப் புரட்டும். மூணு மாசம் கழிச்சு அதே கேள்விய வேற மாதிரி திருப்பி என்கிட்டயே கேக்கும். எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. ஏன்டி, என்னை நம்பலையான்னேன். இல்லைக்கா, ஒரே விசயத்தை நாலு பக்கத்துல இருந்து பாக்கணும், நாலும் ஒத்து வந்தாத்தான் உறுதின்னு எங்க கைடு சொல்லுவாருன்னுச்சு. பாரு, நல்லாப் பாருன்னேன்.

அப்படிப் பாத்துப் பாத்துத்தான் அந்த ஒண்ணைக் கண்டுபிடிச்சுச்சு. போன வருசம் புஸ்தகத்தைக் கொண்டுபோயிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, எங்களை உட்கார வச்சுத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுச்சு. தப்பு இருந்தாச் சொல்லுங்கக்கான்னு. நானும் நாகஜோதியும் இன்னும் நாலு பேரும் இருந்தோம். என்ன எழுதியிருக்குன்னா, கேஸ் ஒண்ணுல நிர்வாகம் இறங்கி வந்து சமரசம் பேசுச்சு. அவனுக நூலு வெளிநாட்டுக்குப் போகுது, கெட்ட பேரு வந்துரும்னு பயம். கேஸ் ரெண்டுல நிர்வாகம் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை இறங்கலை. அதான் வித்தியாசம். ஆகவே அந்தப் பெண்கள் என்ன செய்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

நாகஜோதி தலையை ஆட்டுனா. ஆமாம்மா, ஒரு வார்த்தை இறங்கலை, கல்நெஞ்சுக்காரனுகன்னா. எல்லாரும் ஆமா போட்டாளுக. நான் வாயத் தொறக்கலை. என்ன செய்திருந்தாலும் மாறியிருக்காதாமே? அப்ப நான் பதினாலு நாள் அங்க எதுக்கு உட்கார்ந்தேன், வேடிக்கை பாக்கவா? ஆனா அன்னைக்குச் சொல்ல முடியலை. அத்தனை பேரு உட்கார்ந்திருக்கிறப்ப எப்படிச் சொல்லுவேன்? அந்தப் புள்ளை இதைக் கேட்டப்பெல்லாம் என் பக்கத்துல யாராச்சும் ஒருத்தி உட்கார்ந்திருந்தா. என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டிருந்தா, ஒருவேளை சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? என்னமோ போங்க.

இன்னைக்கு அதுக்கு வாய்ப் பரீட்சை. போன வாரம் வந்து, அக்கா நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும், நீங்க இல்லாம எனக்குப் பட்டம் இல்லைன்னு கையப் பிடிச்சுக்கிச்சு. இந்தச் சேலை நாகஜோதி மக கல்யாணத்துக்கு எடுத்தது. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கட்டுறேன். நாகஜோதிக்கும் நான்தான் பூ வாங்கி வச்சேன். சிரிச்சுக்கிட்டே வந்தா அவ. பஸ்ஸுல வர்றப்ப, ஏய் நம்ம கதைக்கு டாக்டர் பட்டம்டின்னு என் தோள்ல இடிச்சா.

பெரிய ஹாலு. முன்னாடி பேனரு, மேசை மேல தண்ணி பாட்டிலு, ஒரு ஓரத்துல சமோசாவும் டீயும். வெளியூர்ல இருந்து பரீட்சை எடுக்க ஒரு புரொபசரு. வழுக்கை, நல்ல மனுசன் மாதிரிதான் இருந்தாரு. பெனிட்டா திரையில படம் போட்டுப் போட்டுப் பேசுச்சு. பாதி இங்கிலீசு, பாதி தமிழு. ரெண்டு கட்டம் போட்டு, இந்தப் பக்கம் கேஸ் ஒண்ணு, அந்தப் பக்கம் கேஸ் ரெண்டு. எல்லா வரியிலயும் ரெண்டு பக்கமும் டிக்கு. கடைசிக்கு முந்தின வரியில, நிர்வாகம் இறங்கி வந்துச்சாங்கிற வரியில, அங்க டிக்கு, இங்க பெருக்கல் குறி. எனக்கு அதுக்கு மேல எதுவும் கண்ணுல படலை. அந்தப் பெருக்கல் குறிதான்.

அந்த வெளியூர்க்காரரு கேட்டாரு. நல்லா ஞாபகம் இருக்கு, தமிழ்லதான் கேட்டாரு. ஆக, கேஸ் ரெண்டுப் பெண்கள் பாவம், அவங்களுக்கு வேற வழியே இல்லை, அவங்க கையில எதுவுமே இல்லை, இல்லையாம்மா? பெனிட்டா சொல்லுது, ஆமா சார். நாலு பேரைத் தனித்தனியாக் கேட்டேன், எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, லேபர் ஆபீஸ் காகிதத்துலயும் பேச்சுவார்த்தைன்னு ஒரு வரி இல்லை.

அப்புறம் அந்தக் கைடு எந்திரிச்சு, இது பொது வாய்மொழித் தேர்வு, வந்திருக்கிற பொதுமக்கள் யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம்னாரு. அது ஒரு பேச்சுக்குச் சொல்றதாம். அவங்க காலேஜுப் பசங்க நாலு பேரு கையில துண்டுச்சீட்டு வச்சுக்கிட்டு இருந்தானுக, அவனுக கேக்கணுமாம், இவ பதில் சொல்லணுமாம், கைதட்டிட்டு சமோசா திங்கணுமாம். எனக்கென்ன தெரியும் அதெல்லாம்? பொதுமக்கள்னாரு. நான் பொதுமக்கள்தானே? எந்திரிச்சுட்டேன்.

சார், நான்தான் கேஸ் ரெண்டுன்னேன். எம்பேரு தவமணி. எங்க கையில ஒண்ணும் இல்லைன்னு யாரு சொன்னது? ஒம்பதாம் நாளு மேனேஜரு வாட்ச்மேனை விட்டு என்னைக் கூப்பிட்டு விட்டான். நான் ஒத்தையாத்தான் போனேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தான், நான் தொடலை. டோக்கனை எடுத்துடறேன்னான். தாப்பாள் போடறேன்னான். வண்டி விடறேன்னான். பதினொரு பேரையும் நாளைக்கே உள்ள எடுத்துக்கிறேன்னான். அந்தச் சூப்பர்வைசரை வேற யூனிட்டுக்கு மாத்திடறேன், மன்னிப்புக் கேக்கச் சொல்லி மட்டும் நிக்காதீங்க, முதலாளி சம்மதிக்க மாட்டாருன்னான். நான் எந்திரிச்சு, மன்னிப்பு இல்லாட்டி ஒண்ணும் வேணாம் போடான்னுட்டு வந்துட்டேன். வெளிய வந்து, அவன் எதுக்கும் இறங்கலைன்னு சொன்னேன். இவளுக நம்புனாளுக. அதான் நடந்துச்சு. வழி இருந்துச்சு சார். வேணாம்னு சொன்னவ நான். எழுதிக்கங்க. பாவம்னு மட்டும் எழுதாதீங்க.

எனக்கு அப்படியே ஒரு நிம்மதி, நெஞ்சு மேல இருந்த கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி. கக்கத்துல கைப்பையை வச்சுக்கிட்டு நிமிர்ந்து நின்னேன். நாலு பக்கத்துல இருந்து பாத்தாளாம்! நாலு பேரும் ஒரே மாதிரிதான் சொல்லுவாளுக. அந்த நாலு பேருக்கும் சொன்னதே நான்தானே. லேபர் ஆபீசுக்குக் காகிதம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அந்த வாட்ச்மேன் செத்துப் போனான், மேனேஜரு இந்தப் புள்ளையப் பாக்கவே மாட்டேன்னுட்டான். பின்ன எங்க போயிக் கண்டுபிடிக்கும் அது?

அவங்க என்ன செஞ்சாங்கன்னு நினைக்கிறீங்க? புஸ்தகத்தைத் திருப்பி எறிஞ்சாங்களா? அதெல்லாம் ஒண்ணும் இல்லை. வெளியூர்க்காரரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. ரொம்ப சுவாரசியம்னாரு. கைடு சட்டுன்னு எந்திரிச்சு, அம்மா சொன்ன கருத்தைப் பதிவு செஞ்சுக்கிட்டோம், இது வருங்கால ஆராய்ச்சிக்கு நல்ல விசயம்னாரு. உடனே பட்டம் கொடுக்கலாம்னு வாசிச்சுட்டாங்க. கைதட்டுனாங்க. பெனிட்டாவுக்குப் பொன்னாடை. எனக்கும் ஒரு துண்டைப் போட வந்தாங்க, நான் கையாலயே தடுத்துட்டேன். பதிவு செஞ்சுக்கிட்டாங்களாம். எவன் கையிலயும் பேனா இல்லை, நான் பாத்தேன்ல?

பெனிட்டா வராண்டாவுல பொன்னாடையோட நின்னு அழுதுச்சு. ஏன்க்கா, அஞ்சு வருசமா என்கிட்டச் சொல்லலைன்னுச்சு. நான் எழுதினது பூராவும் அந்த ஒரு வரி மேலதான்க்கா நிக்குதுன்னுச்சு. அழாதடி, பட்டம் கொடுத்துட்டாங்கல்ல, இப்பவாச்சும் வசந்திய அடிச்சுட்டு தவமணின்னு போடுன்னேன். அது மூக்கைத் தொடைச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு. இனிமேத்தான்க்கா உங்க பேரைப் போடவே கூடாது, போட்டா உங்களுக்குத்தான் ஆகாதுன்னுச்சு. எனக்குப் புரியலை. எனக்கு என்ன ஆகாது? நான் பயப்படுறவளா?

நாகஜோதியா? அதைத்தான் சொல்ல வர்றேன். நான் எந்திரிச்சுப் பேசுறப்ப அவ எனக்குப் பக்கத்து நாற்காலியிலதான் இருந்தா. அவ இருக்காங்கிறது எனக்கு ஞாபகமே இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருப்பேன், அது வேற விசயம். பேசி முடிச்சு உட்கார்றேன், அவ நேரா அந்தத் திரையவே பாத்துக்கிட்டு இருக்கா. டீ வாங்கலை, ஒண்ணும் வாங்கலை. வெளிய வந்து படியில நின்னா. நானே போயி, வாடி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன்.

பதினொரு பேரையும் உள்ள எடுக்கிறேன்னு சொன்னானான்னு கேட்டா. ஆமா சொன்னான், அந்தப் பிச்சை யாருக்கு வேணும்னேன். மறுநாளேவான்னு கேட்டா. ஆமாடின்னேன். அவ கையில எதையோ எண்ணுற மாதிரி விரலை மடக்கினா. மக அப்ப ப்ளஸ் ஒண்ணு, அரைப் பரீட்சைன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏய், யாருக்காகடி நான் வேணாம்னு சொன்னேன்? உனக்காகத்தானடி? உன் கன்னத்துல அடிச்சவனை உன் கால்ல விழ வைக்கணும்னுதானடி? எனக்கா அடி விழுந்துச்சு? அப்படின்னு சத்தமாவே கேட்டேன். படியில நின்ன பசங்க எல்லாம் திரும்பிப் பாத்தானுக.

அவ சத்தமே போடலை. அடி வாங்கினவ நான்தானே தவமணி, வெளிய வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, அப்படின்னா. அவ்வளவுதான். தலையில இருந்த பூவை எடுத்துப் படிச் சுவர் மேல வச்சுட்டு, பழனி பஸ்ஸு நின்னுச்சு, ஏறிப் போயிட்டா. பழனி பஸ்ஸுல போயி எங்க ஊருக்கு எப்படி வருவா, சொல்லுங்க? சுத்திக்கிட்டுல்ல வரணும். போகட்டும். வீம்புக்காரி.

நான் செஞ்சது தப்பா? மன்னிப்புக் கேக்காம ஒருத்தனை விட்டுட்டா நாளைக்கு இன்னொருத்தியை அடிப்பான். அதை யாராச்சும் யோசிச்சாங்களா? நான் யோசிச்சேன். இன்னைக்கும் அதே மேனேஜரு அதே ரூமுக்குக் கூப்பிட்டாலும் அதையேதான் சொல்லுவேன். எழுதட்டும், நல்லா எழுதட்டும், தோத்த மில்லுன்னே எழுதட்டும், ஆனா தோக்க வச்சவ தவமணின்னு எழுதட்டும்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமாம். எனக்குத் தெரியாதா? மேனேஜர் ரூமுல இருந்து கேட்டு வரைக்கும் நடந்து வர்றப்ப அதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். மரத்தடியில அவ தூக்குவாளிய மடியில வச்சுக்கிட்டு, என் முகத்தையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. கேட்டிருந்தா, மன்னிப்பு இல்லாட்டியும் சரின்னு அவ சொல்லியிருப்பா. அதனாலதான் கேக்கலை.